கெட்டுப்போன படங்களின் டப்பா



உங்கள் வீட்டுப் பரணில் என்னவெல்லாம் இருக்கிறது? ஈயம் போன பித்தளை அண்டா, சக்கரம் கழன்ற நடைவண்டி, தாத்தாவின் குடை என்று ஏதாவது இருக்கும். தலத்தெருவில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடி துருப்பிடித்த, சதுரமான தகர டப்பா. ஆசையாகத் திறந்து பார்த்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருப்பவை எல்லாம் நான் எடுத்துக் கெடுத்த புகைப்படங்கள்!

நல்ல படங்களை எல்லாரும் ஆல்பத்தில் வைப்பார்கள். கெட்ட படங்களை யார் வைத்திருப்பார்கள்? நான் வைத்திருந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. படச்சுருளைக் காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்துக் கழுவி, காசு கொடுத்துப் பிரிண்ட் போட்டது. குப்பையில் எறிய மனம் வரவில்லை. கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

தலத்தெரு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்கால் நகரத்தை ஒட்டிய ஊர். சுற்றிலும் தமிழ்நாடு. நாங்கள் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்! 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் சைக்கிளில் போகும் தூரத்தில் கடல். இங்கே நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தேன். புகைப்படம் எடுப்பது என் தொழில் அல்ல, ஆசை. அதனால்தான் இத்தனை பெரிய டப்பா.

தலை இல்லாத மாமா

1983-ல், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கினேன். அதன் பெயர் 'அக்ஃபா கிளிக் 3'. கறுப்பு நிறம், சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த எளிய கேமரா அது. ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள்தான் எடுக்கலாம். வெயிலுக்கு ஓர் அடையாளம், மேகமூட்டத்துக்கு ஓர் அடையாளம். இரண்டில் ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, கட்டையை அழுத்த வேண்டியதுதான்.

இப்போது நீங்கள் செல்பேசியில் ஒரு படம் எடுத்தால் அடுத்த நொடியே பார்த்துவிடுகிறீர்கள். அப்போது அப்படி இல்லை. பன்னிரண்டும் முடிய வேண்டும். முடிந்த சுருளைக் காரைக்காலில் உள்ள ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது போல வயிறு கலங்கும்!

என் முதல் சுருளின் முடிவு என்ன தெரியுமா? பன்னிரண்டுக்கு நான்கு. ஆசிரியை ஃபெயில்!

ஒரு படத்தில் எங்கள் மாமா ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார், தலை மட்டும் இல்லை. நான் சரியாகத்தான் பார்த்து எடுத்தேன். ஆனால் அந்தக் கேமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. பார்க்கும் கண்ணாடி கொஞ்சம் மேலே இருக்கும். தூரத்தில் உள்ளதை எடுத்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால் நாம் பார்ப்பது ஒன்று, லென்ஸ் பார்ப்பது ஒன்று ஆகிவிடும். ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறது அல்லவா? மாமாவின் தலை போனது அப்படித்தான். அவர் சாகும் வரை என்னைக் கேலி செய்தார். "நீதானே என் தலையை எடுத்தவள்!" என்பார்.

இன்னொரு படத்தில் கோயில் கோபுரத்தின் உச்சியில் எங்கள் வீட்டுப் பசு நின்று புல் மேய்கிறது! ஒரு படம் எடுத்ததும் சுருளை அடுத்த எண்ணுக்குத் திருகிவிட வேண்டும். நான் மறந்துவிட்டேன். ஒரே இடத்தில் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. இன்று என் பேத்திக்கு டப்பாவிலேயே மிகவும் பிடித்த படம் இதுதான்.

ஓட்டு வீட்டில் ஒரு கேமரா

கேமரா எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் பழைய ஓட்டு வீடு. கூரையில் ஓர் ஓடு விலகி, சின்ன ஓட்டை விழுந்திருந்தது. மதியம் அதன் வழியாக வெயில் வந்து தரையில் வட்டமாக விழும். ஓட்டை கோணல்மாணலாக இருக்கிறது, வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது? ஏனென்றால் தரையில் விழுந்தது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம்! 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்தபோது எங்கள் வேப்பமரத்து நிழலைப் பார்த்தேன். இலை இடுக்குகளின் வழியே விழுந்த வட்டங்கள் எல்லாம் பிறைகளாக மாறியிருந்தன. தரை முழுவதும் நூறு நூறு பிறைகள்! மரமே கேமரா ஆகிவிட்டது.

இருட்டான இடம், சின்ன துளை. இவ்வளவுதான் கேமரா. இந்தச் சங்கதி மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். ஆனால் துளை வழியே விழும் உருவத்தை அழியாமல் நிறுத்தி வைப்பதுதான் தெரியவில்லை. அதைச் செய்து காட்டியவர்கள், அப்போது நம் காரைக்காலை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள்தான். நியெப்ஸ் என்பவர் 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் படமாக்கினார். அவருடைய கூட்டாளி தாகேர். இவருடைய முறையைப் பிரெஞ்சு அரசு 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்கே பொதுவாக அறிவித்தது. இன்றும் அந்த நாளைத்தான் உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடுகிறோம்.

தாகேர் 1838-ல் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றை மாடியிலிருந்து எடுத்தார். வண்டியும் குதிரையும் ஆட்களும் நிறைந்த தெரு. ஆனால் படத்தில் ஈ, காக்கை இல்லை! ஏன்? அந்தப் படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆனது. அதற்குள் நடந்துபோனவர்கள் நடந்துபோய்விட்டார்கள், ஓடிய குதிரைகள் ஓடிவிட்டன. யாருமே பதியவில்லை. ஒருவர் மட்டும் ஓரத்தில் நின்று காலணிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஆடாமல் நின்ற அவர் மட்டும் சிறு உருவமாகப் பதிந்துவிட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. படம் எடுக்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்காது!

தஞ்சாவூருக்கு வந்த துரை

நம் பக்கத்துக்கே வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரைக்காலில் இருந்து சுமார் நூறு கிலோமீட்டர். 1858-ல் அங்கே ஒரு வெள்ளைக்காரர் கேமராவுடன் வந்து இறங்கினார். லின்னேயஸ் டிரைப் என்று பெயர். ராணுவ அதிகாரி. ஆசைக்காகப் படம் எடுக்க ஆரம்பித்து, பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகவே ஆனவர். மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார்.

அவருக்கு ஃபிலிம் சுருள் கிடையாது. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். அந்த நம்மூர் வெயிலில் மெழுகுக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடுபட்டிருப்பார், யோசித்துப் பாருங்கள். அப்படியும் அவர் ஒரு வேலை செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் சுற்றிலும் கல்வெட்டு ஓடுகிறதே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். அப்படி எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டினால் சுமார் 19 அடி நீளம்! இன்று நீங்கள் செல்பேசியைச் சுற்றிக்காட்டி 'பனோரமா' எடுக்கிறீர்களே, அதை அவர் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கையால் செய்தார்.

அவருக்கும் தொல்லைகள் இருந்தன. அந்தக் காகிதம் நீல நிறத்தை அளவுக்கு மீறி உள்வாங்கும். அதனால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெறிச்சென்று வந்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவில் மை தீட்டி, தானே மேகங்களை வரைந்துவிட்டார்! இதைப் படித்த அன்று எனக்கு ஏக சந்தோஷம். என் படங்களிலும் நடுப்பகல் வானம் வெளுத்துத்தான் போகும். பெரியவர்களுக்கே அப்படி என்றால் நமக்கென்ன!

கோடாக மாறிய மாங்கனி

காரைக்கால் என்றாலே மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குக் கொடுத்துவிட்ட புனிதவதிதான் அம்மையார். அவரை நினைத்து ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி இந்த விழா நடக்கிறது. சுவாமி ஊர்வலம் வரும்போது மாடிகளில் இருந்தும் கூரைகளில் இருந்தும் மாங்கனிகளை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் போட்டி போட்டுப் பிடிப்பார்கள். மண்டையில் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்!

பறக்கும் மாங்கனியை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஒவ்வொரு ஆனியிலும் போய் நிற்பேன். ஒவ்வொரு முறையும் ஸ்டுடியோக்காரர் உறையைக் கொடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். படத்தில் மாங்கனி இருக்காது. அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு கோடு இருக்கும்.

ஏன் என்று ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐந்து மீட்டர் உயர மாடியில் இருந்து விழும் பொருள், தரையை நெருங்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய பத்து மீட்டர் வேகத்தில் வரும். என் கேமராவின் கதவு திறந்து மூட ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு வினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் மாங்கனி எவ்வளவு தூரம் போயிருக்கும்? பத்து மீட்டரை முப்பதால் வகுத்தால் 33 சென்டிமீட்டர். ஓர் அடிக்கும் மேலே! ஓர் அடி நீளத்துக்கு இழுத்த மாங்கனி கோடாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் மூடும் கேமரா என்றால் ஒரே சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

பல வருடங்கள் கழித்து, உறவுக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட டிஜிட்டல் கேமராவை ஒரு நாள் இரவல் தந்தார். எடுத்தேன். மாங்கனி துல்லியமாக விழுந்தது. காம்புகூடத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினேன். என் தங்கை பார்த்துவிட்டு, "மாங்காயை யாருக்கா நூல்ல கட்டித் தொங்கவிட்டது?" என்று கேட்டாள்! எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தான். கோடு போட்ட பழைய படத்தில் கூச்சலும் நெரிசலும் தெரிகிறது. துல்லியமான படத்தில் ஒரு மாங்கனி சும்மா இருக்கிறது. இரண்டில் எது நல்ல படம்? இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

"நான் படத்துல தெரியவே மாட்டேன், டீச்சர்"

நம் கடற்கரை கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் இருந்து எழும். காலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிற்க வைத்தால் முகம் கரிக்கட்டைதான். வெளிச்சம் முழுக்க அவருக்குப் பின்னால் இருக்கிறதே! மாலையில் எடுத்தால் சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அப்போது வேறொரு வம்பு. எடுப்பவரின் நிழல் நீளமாகப் படத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். என் ஆல்பம் முழுக்கத் தேடினாலும் என் முகம் கிடைக்காது. நிழல் மட்டும் நிறையக் கிடைக்கும்!

வெளிச்சம் பற்றிச் சொல்லும்போது ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். வகுப்புப் படம் எடுக்கும் நாளில் அவள் மட்டும் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். கூப்பிட்டால், "நான் வரல டீச்சர். நான் படத்துல தெரியவே மாட்டேன். பல்லுதான் தெரியும்" என்பாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன வருடப் படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். உச்சி வெயில், வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டைகள். நடுவில் அவள் முகம் கறுப்பாக ஒரு வட்டம், அவ்வளவே. தப்பு யாருடையது? அவளுடையது இல்லவே இல்லை. படம் எடுத்த என்னுடையது.

என்னுடையது மட்டும் அல்ல என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். 1950-களில் இருந்தே கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க ஓர் அட்டையை ஸ்டுடியோக்களுக்கு அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அட்டையில் இருந்தவர் பெயர் ஷெர்லி. அதனால் 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வந்துவிட்டது. ஷெர்லியின் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு! கறுத்த முகங்கள் எப்படி வருகின்றன என்று வெகு காலம் யாரும் கவலைப்படவில்லை. சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும், பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தத் தொடங்கினார்களாம். மனிதர்களுக்காகத் திருத்தவில்லை, சாக்லேட்டுக்காக! இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு?

அந்த மாணவியை ஒரு நாள் மாலை வேப்பமர நிழலில் நிறுத்தினேன். பின்னால் வெள்ளைச் சுவர் இல்லை, பச்சைச் செடிகள். கேமராவை மேகமூட்ட அடையாளத்துக்குத் திருப்பினேன். அப்போதுதான் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். அடுத்த வாரம் படம் வந்தது. கண், புருவம், கன்னத்துக் குழி எல்லாம் தெளிவாக. அவள் வெகு நேரம் பார்த்தாள். "இத நான் எடுத்துக்கலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். எடுத்துக்கொண்டு போனவள், மறுநாள் வந்து, "அம்மாவுக்கு ஒண்ணு வேணுமாம்" என்றாள்.

பூசணம் பிடித்த கண்

கிளிக் 3-க்குப் பிறகு 35 மில்லிமீட்டர் சுருள் போடும் கேமரா ஒன்று வாங்கினேன். 36 படங்கள்! அதைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, குழந்தை மாதிரி பாதுகாத்தேன். அதுவே தப்பாகப் போயிற்று. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். பூசணம்! ஊறுகாயில் வருமே, அதன் உறவுதான். கண்ணாடியிலுமா என்று கேட்காதீர்கள், வரும். புதிய காலணிப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலத்தில் வெள்ளை மணிகள் இருக்குமே, சிலிக்கா ஜெல், அது ஈரத்தை உறிஞ்சும். வாயில் வைக்கக் கூடாது! அப்புறம் கேமராவை அந்தப் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் போட்டு வைக்கப் பழகினேன்.

நல்ல கேமரா இருந்தால் நல்ல படம் வந்துவிடும் என்று நானும் வெகு காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன். காடுகளில் யானைகளையும் மான்களையும் பறவைகளையும் பார்த்துப் பார்த்து எழுதியவர், படம் எடுத்தவர். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருடைய கேமரா எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸ், எங்கெங்கோ கிடைத்த உதிரிகள். எல்லாவற்றையும் தானே சேர்த்துப் பூட்டியிருந்தார். பார்த்தால் காயலான் கடை மாதிரி இருக்கும்! கனமோ கனம். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார். ஈ.பி. ஜீ என்ற காட்டுயிர் ஆர்வலர் தம் புத்தகத்திலேயே இந்தக் கேமராவைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டுதான் கிருஷ்ணன் யானைக் கூட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எல்லாரும் வண்ணத்துக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. விலங்கு எப்போது எங்கே வரும், என்ன செய்யும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. நானோ, புதுக் கேமராவுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்!

"ஆயா, தள்ளி நில்லுங்க"

இனி டப்பாவில் இல்லாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2004 நவம்பர் மாதம். குழந்தைகள் தினத்தை ஒட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தேன். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மாலை. சுருளில் மூன்றே படங்கள் மிச்சம். அதனால் எனக்குக் கொஞ்சம் பதற்றம். "யாரும் ஆடக் கூடாது, ஒன்று, இரண்டு..." என்று சொல்லி அழுத்தவும், நடு வரிசையில் ஒரு பையன் "ஆயா!" என்று கத்திக்கொண்டே திரும்பிக் கையை ஆட்டவும் சரியாக இருந்தது.

பள்ளி வாசலில் அவனுடைய பாட்டி நின்றிருந்தார். மீன் விற்றுவிட்டு, வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேரனை அழைத்துப் போக வந்தவர். படத்தின் ஓரத்தில் நன்றாக விழுந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு படம் வீண்! எனக்குக் கோபம். பையனை ஓர் அதட்டல் போட்டேன். பாட்டியிடம், "ஆயா, படத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் எதுக்கும்மா படத்துல" என்று சொல்லி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டாவது படம் ஒழுங்காக வந்தது. அதைத்தான் எல்லாருக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்தது. எங்கள் கடற்கரைக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். படகில் இருந்து மீன் வாங்குவதற்காக அந்தப் பாட்டி கரைக்குப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. பையன் அன்று காரைக்காலில் அத்தை வீட்டில் இருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் பிழைத்தார்கள். வீடு பிழைக்கவில்லை.

அந்த நாட்களில் பலர் நனைந்த புகைப்படங்களோடு வந்து என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, நிழலில் கொடி கட்டிக் காயப்போடச் சொன்னேன். சில தேறின. 2011-ல் ஜப்பானில் சுனாமி வந்தபோது, சேற்றில் கிடைத்த லட்சக்கணக்கான படங்களைத் தொண்டர்கள் இதே போலத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். வீடு போனவர்கள் முதலில் தேடி வந்த பொருள்களில் புகைப்படமும் ஒன்று!

சில வாரங்கள் கழித்து அந்தப் பையனின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்க அம்மா படம் ஒண்ணுகூட இல்ல டீச்சர். வச்சிக் கும்பிடறதுக்கு இல்ல. நீங்க பள்ளிக்கூடத்துல எடுத்தீங்களாமே, பையன் சொன்னான். அதுல எங்கயாச்சும் விழுந்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் தள்ளி நிற்கச் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தப் படத்தை நான் பிரிண்ட் போடவில்லை. ஆனால் நெகட்டிவ்? 35 மில்லிமீட்டர் நெகட்டிவை ஸ்டுடியோவில் ஆறு ஆறு படங்களாக நறுக்கி உறையில் போட்டுத் தருவார்கள். நல்ல படமும் கெட்ட படமும் ஒரே துண்டில் இருப்பதால் கெட்டதை மட்டும் எறிய முடியாது. பீரோவைக் குடைந்து உறையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் கறுப்பு வெளிச்சமாகவும் இருக்கும் அல்லவா? ஓரத்தில், நெல்மணி அளவுக்கு ஓர் உருவம். இடுப்பில் கூடை.

ஸ்டுடியோவுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நெல்மணியை அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. நான் ஃபோகஸ் வைத்தது பிள்ளைகளுக்கு. அதனால் பாட்டியின் முகம் மங்கலாக இருந்தது. கண் எது, மூக்கு எது என்று சொல்ல முடியாது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு, "சரியா வரலையே" என்றேன். அவர் படத்தைக் கையில் வாங்கினார். "அம்மாதான் டீச்சர். கூடையை இப்படி வச்சிக்கிட்டு இடுப்ப ஒடிச்சித்தான் நிக்கும்" என்றார்.

பாட்டியின் காலடியில் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. மாலை வெயிலில் என் முதுகுப் பக்கம் இருந்து விழுந்த நிழல். ஸ்டுடியோக்காரர், "இந்த நிழலை வெட்டிட்டுச் சட்டம் போட்டுறலாமா?" என்று கேட்டார். பையனின் அப்பா என்னைப் பார்த்தார். "அது டீச்சர் நிழலா? இருக்கட்டும், வெட்டாதீங்க" என்றார்.

அந்தப் பையனுக்குப் போன வருடம் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வைக்க வந்திருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போது அவன் செல்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். திரையில் அந்தப் படம். சட்டத்துக்குள் இருந்ததை மறுபடி செல்பேசியில் எடுத்திருக்கிறான். கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. "கண்ணாடிக்கு நேரா நின்னு எடுக்கக் கூடாதுடா, கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு எடுக்கணும்" என்றேன். "சரி டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தான். மாற்றியிருக்க மாட்டான்.